ஆடியில் கொடைக்கானல் போகலாமா?

சீசன் முடிந்த மாதங்களில் குடும்பத்தோடு மலையில் தங்குவது பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை கொடைக்கானலைப் பற்றியவை என்பதால் பதில்களும் அந்த ஊரையே சுற்றி வருகின்றன.

கேள்வி: நாங்கள் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர்கள். சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வருவதால், ஊரே மலைக்குக் கிளம்பும் நாட்களில் நாங்கள் கோட்டை அடுப்பின் முன்னால் நிற்கிறோம். ஆடி ஒன்றுதான் எங்களுக்கு ஓய்வு. மூட்டுவலியுள்ள என் மாமியார், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்கு வயது மகன் ஆகியோருடன் நான்கு நாள் கொடைக்கானலில் தங்க விரும்புகிறோம். "ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், மலையில் என்ன பார்ப்பாய்?" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஊர் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தைக் கீழேயே வைத்துவிட்டு, தங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மலையேறுங்கள். சீசன் இல்லாத மாதத்தில் ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர், மே மாதத்து ஊரைப் பாதி வாடகைக்கு வாங்கிவிடலாம் என்ற கணக்கில் போனவர்கள்.

சீசன் என்ற சொல்லையே சற்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் சமவெளி கொதிக்கிறது. கொதிப்பவர்கள் மேலே ஓடுகிறார்கள். அதற்குச் சீசன் என்று பெயர் வைத்தார்கள். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதும் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்துதான். ஆகவே அது கீழே இருப்பவர்களின் உடம்பு வகுத்த நாட்காட்டி. மலைக்கென்று வேறொரு நாட்காட்டி இருக்கிறது, அதை எழுதுவது மழை.

அந்த நாட்காட்டி மலைக்கு மலை மாறும் என்பதையே உங்கள் உறவினர்கள் கவனிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவுகளில்தான் தன் பாரத்தை இறக்குகிறது. ஆடியில் வால்பாறை என்று எழுதியிருந்தீர்களானால், மழையோடு அட்டையையும் நினைத்துக் கொஞ்சம் தயங்கியிருப்பேன். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நீலகிரியின் மேற்கு ஓரத்திலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. பழனி மலைத்தொடரோ பிரதான மலைவரிசையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பது. அதற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஆனைமலை முதல் அடியை வாங்கிக்கொள்வதால், ஆடியில் கொடைக்கானலுக்கு வருவது பெரும்பாலும் சாரலும் காற்றும் மூடுபனியும்தான். அந்த ஊரின் கனமழை ஐப்பசியை ஒட்டி, வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதே கணக்குத்தான். இதனால், தீபாவளியை ஒட்டிப் போகலாமா என்று கேட்டு எழுதியிருக்கும் இன்னும் இரண்டு வாசகர்களுக்கு என் பதில்: வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நிகழ்ந்த மண்சரிவுகளில் எத்தனை உயிர்கள் போயின என்பது அந்த மலையில் இருப்பவர்களுக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆடியில் கொடைக்கானலின் பகல் 17, 18 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவு 11, 12க்கு இறங்கும். எண்ணைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஈரக்காற்று வீசும்போது ஜனவரியின் உலர்ந்த குளிரைவிட அது உங்கள் மாமியாரின் முழங்காலை அதிகம் தொந்தரவு செய்யக்கூடும். அவருக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்தால் அது நீங்கள் திரும்பும் வரை காயாது.

கேள்வி: சீசன் இல்லாத நாட்களில் வாடகை பாதிக்கும் கீழே இறங்குகிறது என்பதால் எந்த அறையை எடுப்பது என்றே குழப்பமாக இருக்கிறது. தொலைபேசியில் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வாடகை குறைந்ததற்காக மிகக் குறைந்ததைத் தேடாதீர்கள். மே மாதத்தில் ஒரு சுமாரான அறைக்குக் கொடுத்திருக்கக்கூடிய அதே தொகையை இப்போதும் கொடுத்து, அப்போது உங்கள் கைக்கு எட்டாமலிருந்த அறையை எடுங்கள். மழை மாதத்தில் குடும்பம் நாளின் பெரும்பகுதியை அந்த நான்கு சுவர்களுக்குள்தான் கழிக்கப் போகிறது. ஒரு எச்சரிக்கை: சனி, ஞாயிறு என்றால் எந்த மாதமும் சீசன்தான், திங்கள் முதல் வியாழன் வரை போகிறவர்களுக்கே பேரம் பேசும் உரிமை உண்டு.

நான் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துத்தான் படித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், படத்தில் அழகாகத் தெரிந்த ஒரு விடுதியின் கீழ்த்தள அறையை நான்கு இரவுகளுக்கு எடுத்திருந்தோம். கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை அடித்தது. மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். மேல்விரிப்பு சலவை வாசனையோடு மொறமொறப்பாக இருந்தது, அதன் கீழே மெத்தை பானையின் அடிப்பக்கம்போல் ஜில்லென்றிருந்தது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய கட்டடம் என்பதால் அறையின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருந்தது, அந்தச் சுவரின் சுண்ணாம்பு கட்டைவிரல் பட்டாலே உதிர்ந்தது. மேசையிலிருந்த உப்புக் குப்பியில் உப்பு கட்டியாகி அடியில் நீர் கோத்திருந்தது. முதல்நாள் உதறிப் போட்ட துண்டு நான்காம் நாளும் ஈரமாகவே பைக்குள் போனது. எங்களைக் காப்பாற்றியவர் அங்கே வேலை பார்த்த பெரியவர்தான். இரவு எட்டு மணிக்கு இஸ்திரிப் பெட்டியோடு வந்து, "கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்று என் மனைவியை நாற்காலிக்கு அனுப்பிவிட்டு, போர்வையையும் விரிப்பையும் கட்டிலின் மேலேயே வைத்துத் தேய்த்தார். ஆவி பறந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள்.

ஆகவே தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது, "அந்த அறையில் கடைசியாக ஆள் தங்கியது எப்போது?" என்பதுதான். இரண்டு வாரம் பூட்டிக் கிடந்த அறை, எவ்வளவு வாடகை கொடுத்தாலும் முதல் இரவில் ஈரமாகத்தான் இருக்கும். மாடி அறையா, பின்சுவர் மண்ணை ஒட்டியிருக்கிறதா, ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறதா என்பன அடுத்தவை. பள்ளத்தாக்கு தெரிகிற அறைக்கென்று கூடுதல் வாடகை கேட்டால் ஆடியில் கொடுக்காதீர்கள்; பல நாட்களில் அந்த ஜன்னலில் வெள்ளை வேட்டி கட்டியதுபோல் மூடுபனி மட்டும்தான் தெரியும். அதைவிடக் காலை வெயில் விழும் அறை மேல்.

வெந்நீரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் "24 மணி நேரமும் உண்டு" என்பார்கள். மின்சாரம் போனாலும் உண்டா என்று கேளுங்கள். காற்றில் மரக்கிளை விழுந்து மின்சாரம் தடைபடுவது இந்த மாதங்களில் சகஜம். ஜெனரேட்டர் இருக்கும், ஆனால் அது விளக்குக்கு மட்டும் இருக்கும், கீசருக்கு இருக்காது. சாப்பாட்டையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆட்கள் குறைவான நாட்களில் பல விடுதிகள் சமையற்காரரை ஊருக்கு அனுப்பிவிடுவதால், இரவு ஏழு மணிக்கு "பிரெட் ஆம்லெட் மட்டும்தான் சார்" என்ற பதில் வரும். முதியவர்கள் இருந்தால், வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படிகள் என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். "கொஞ்சம் படி இருக்கு" என்று பதில் வந்தால் நாற்பதுக்குக் குறையாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிர் தாங்கவில்லை என்று சொன்னால் சில இடங்களில் அன்போடு ஒரு கரி அடுப்பைக் கொண்டுவந்து அறைக்குள் வைப்பார்கள். சில குடும்பங்கள், வெளியே கோழி சுட்ட அடுப்பில் தணல் மிச்சமிருக்கிறதே என்று தாங்களே உள்ளே எடுத்து வைத்துக்கொள்கின்றன. ஜன்னலையும் கதவையும் சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, இருமலும் வராது. தலை லேசாகக் கனக்கிறது, தூக்கம் வருவதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். மலைவாழிடங்களில் தூங்கப் போனவர்கள் காலையில் எழாமல் போனதற்கு இது காரணமாக இருந்திருக்கிறது. முறையான புகைபோக்கியுள்ள கணப்பு வேறு, தரையில் வைத்த கரி அடுப்பு வேறு. இரண்டாவதை எந்தக் குளிரிலும் அறைக்குள் விடாதீர்கள். குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருந்தால் அங்குள்ள காற்றுத் துளையைத் துணி வைத்து அடைக்காதீர்கள்.

கேள்வி: சமையலறையோடு கூடிய காட்டேஜ் எடுத்தால் செலவு மிச்சம்தானே? போன முறை எடுத்தபோது பருப்பு வேகவே இல்லை. தண்ணீர்தான் காரணமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: காரணம் உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, எரிவாயுதான் தீரும். குக்கர் இருக்கிறதா, அதன் கேஸ்கட் நல்லதாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அறையை எடுங்கள், அல்லது உங்கள் குக்கரையே கொண்டு போங்கள். தஞ்சாவூர் வாசகிக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கணவர் நான்கு நாளாவது கரண்டியைத் தொடாமல் இருக்க வேண்டுமானால் சமையலறையுள்ள வீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். தொழில் பழக்கம் அவரைச் சும்மா உட்காரவிடாது.

கேள்வி: குழந்தைகளை வைத்துக்கொண்டு மூடுபனியில் என்ன செய்வது? தூண் பாறைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போன நேரத்தை நீங்கள் எழுதவில்லை, பிற்பகலாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பள்ளத்தாக்கின் ஈரக்காற்று வெயில் ஏற ஏறச் சூடாகி மேலே எழும்பிக் குளிர்ந்து மேகமாகிறது. ஆகவே காலை ஏழு மணியிலிருந்து பத்து வரைதான் பார்வைக்கான நேரம். விடுதியில் காலை உணவு ஒன்பது மணிக்குத்தான் என்றால் அதை விட்டுவிட்டு, பிளாஸ்கில் தேநீரோடு முதலில் பாறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 122 மீட்டர் உயரம் செங்குத்தாக எழும் அந்தப் பாறைகளை மேகம் மூடுவதும் விலகுவதும் சில நிமிடக் கணக்குதான். வரிசையோ நெரிசலோ இல்லாத மாதத்தில் காத்திருப்பது ஒரு கஷ்டமும் இல்லை. சீசனில் பின்னால் நிற்பவர் தள்ளுவார்.

பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிச் செல்லும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மட்டும் பிற்பகலில் ஒரு வாய்ப்பு உண்டு. வெயில் முதுகுப்பக்கத்திலிருந்து அடித்து, முன்னால் பள்ளத்தாக்கில் மேகம் நிரம்பியிருந்தால், உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் விழுந்து, தலையைச் சுற்றி ஒரு சிறு வானவில் வளையம் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும் என்பதால் குழந்தைகளிடையே பெரிய சண்டை மூளும். இதற்கு வெயிலும் மேகமும் ஒரே சமயத்தில் வேண்டும். நான் பலமுறை போனதில் ஒரே ஒரு முறைதான் வாய்த்தது.

மற்றபடி ஏரியைச் சுற்றும் ஐந்து கிலோமீட்டர் சாலையை மறக்காதீர்கள். மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி அது. மே மாதத்தில் அந்தச் சாலை கார்களின் வரிசையாகிவிடும். ஆடியில் வாடகைச் சைக்கிளில் ஒரு சிறுமி தைரியமாகச் சுற்றி வரலாம். சாரலடித்தால் ஒதுங்கச் சோளம் சுடும் வண்டி ஒன்று எப்படியும் இருக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சூரிய ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். இத்தனை மூடுபனி உள்ள மலையில் 1899ஆம் ஆண்டு முதல் ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது என்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். வெயில் வந்த நாட்களை அவர்கள் வீணாக்கவில்லை என்று தெரிகிறது.

ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். மீதி நேரத்துக்குப் பல்லாங்குழியோ கேரம் போர்டோ எடுத்துப் போங்கள்.

கேள்வி: இந்த முறை போனால் குறிஞ்சி பார்க்கலாமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. அதே இனத்தைச் சேர்ந்த வேறு செடிகள் வேறு கணக்கில் இடையிடையே பூக்கின்றன, அவற்றைக் காட்டிக் குறிஞ்சி என்று சொல்பவர்களும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: குறிஞ்சி பூப்பது மே மாதத்தில் இல்லை, ஆடி ஆவணி தொடங்கிய மழை மாதங்களில்தான். அதனால் 2030இல் இந்த அறிவுரைகள் எதுவும் செல்லாது, ஆடியே சீசனாகிவிடும்.

கேள்வி: சொந்த வண்டியில் போவது நல்லதா, பேருந்தா? சீசன் இல்லாதபோதும் இ-பாஸ் வேண்டுமா? திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது, அந்தச் சீசன் முடிந்த பிறகும் அது நீட்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். ஆகவே எந்த மாதமானாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் அரசின் இணையதளத்தில் நடப்பு விதியைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகர் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

மூடுபனியில் மலைப்பாதை ஓட்டிப் பழக்கமில்லாதவர் என்றால் பேருந்தையே சிபாரிசு செய்வேன். சொந்த வண்டிதான் என்றால் வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ ஏறுங்கள். இரண்டும் பெருமாள்மலையில் சேர்கின்றன. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் சாலை குறுக்குவழி என்று செல்பேசி காட்டும். மழைக்காலத்தில் அடிக்கடி மண் சரிகிற வழி அது, வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குள் மேலே சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். பனி மூடினால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். குழந்தைகளுக்கு ஏறும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் பறித்துவிடுவார்கள் என்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் நல்லது.

வாங்குவதற்கு மலைப்பூண்டு உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பல்லை நசுக்கி மோந்தால் காரம் மூக்கில் ஏற வேண்டும், ஏறவில்லையென்றால் அது கீழிருந்து மேலே வந்த பூண்டு. ஆடியில் போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு லாபம் பேரிக்காய். பிளம்ஸ் கோடையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பேரிக்காய் அதற்குப் பிறகுதான் கூடைக்கு வருகிறது. கல் மாதிரி இருப்பதைப் பார்த்து வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். பச்சையாக, கெட்டியாக இருப்பதையே வாங்கித் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்து மூன்று நான்கு நாட்களில், காம்பின் அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் மாவாகிவிடும்.